மறு: லிவிங் வில் – தமிழில் எப்படிச் சொல்லலாம்?

> "வாழும் உயில்" என்றே வைத்துக்கொள்வோமே. எல்லோருக்கும் புரியும்.

ஐயா, புரியும் என்பதுதான் என் கவலை, தவறாகப் புரியும். உயில் சொத்தைப் பற்றியது, எழுதியவர் இறந்த பிறகே செல்லும். எந்தச் சிகிச்சை வேண்டும், எது வேண்டாம் என்று முன்கூட்டியே எழுதி வைக்கும் இந்த ஆவணமோ, அவர் உயிரோடிருந்தும் தன் முடிவைத் தானே சொல்ல இயலாத நிலையில்தான் நடைமுறைக்கு வரும். "அப்பா உயில் எழுதிவிட்டார்" என்று காதில் விழுந்தால் எந்த வீட்டிலாவது வெண்டிலேட்டரைப் பற்றிப் பேசுவார்களா? வீடு யாருக்கு, நிலம் யாருக்கு என்றுதான் தொடங்கும்.

காமன் காஸ் என்ற தொண்டு அமைப்பு தொடுத்த வழக்கில் 2018 மார்ச் 9 அன்று உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு வகுத்த நெறிமுறைகளில் "அட்வான்ஸ் டைரக்டிவ்" (முன்கூட்டியே தரும் அறிவுறுத்தல்) என்ற தொடரே முன்னிற்கிறது. நாமும் அதையே பிடித்துக்கொள்ளலாம். ஆனால் "முன்னாணை" என்றால் அரசாணை போல ஒலிக்கிறது. "முன்னிசைவு" என்று ஒருவர் எழுதியிருந்தார். இதில் பெரும்பாலும் இருப்பது இசைவு அன்று, மறுப்பு. "முன்மறுப்பு" என்றாலும் பொருந்தாது. வலிநிவாரணம் வேண்டும் என்றும் அதில் எழுதலாம் அல்லவா? "இறுதி விருப்பாவணம்" அழகான சொல்தான், ஆனால் இலங்கையில் அது உயிலையே குறிக்கிறது. மறுபடியும் சொத்துக்கே வந்துவிட்டோம்.

என் பரிந்துரை: மருத்துவ முன்விருப்பம்.

"விருப்பம்" வலுவற்ற சொல் என்ற ஆட்சேபம் வரும். வலுவைச் சொல்லில் தேட வேண்டியதில்லை, நடைமுறை தருகிறது. அந்த நெறிமுறைகளில் உச்ச நீதிமன்றம் 2023 ஜனவரி 24 அன்று செய்த திருத்தத்துக்குப் பின் மாஜிஸ்திரேட்டின் மேலொப்பம் தேவையில்லை. இரண்டு சாட்சிகள் முன்னிலையில் கையெழுத்திட்டு, நோட்டரி அல்லது கெசட்டட் அதிகாரியிடம் சான்று பெற்றால் போதும். சிகிச்சையை நிறுத்தும் கட்டம் வந்தால் இரண்டு மருத்துவக் குழுக்கள் அடுத்தடுத்துப் பார்க்கின்றன. தீவிர சிகிச்சைப் பிரிவின் வாசலில் நிற்கும் மகள், பணியிலிருக்கும் மருத்துவரிடம் திக்காமல் சொல்லக்கூடிய சொல்லாக இருந்தால் எனக்குப் போதும்.

மனநலப் பராமரிப்புச் சட்டம், 2017-இலும் "அட்வான்ஸ் டைரக்டிவ்" என்ற இதே ஆங்கிலத் தொடர் வருகிறது. அதை "மனநல முன்விருப்பம்" என்று பிரித்துவிடலாம். "கருணைக்கொலை ஆவணம்" என்று எழுதும் வழக்கத்தை மட்டும் தயவுசெய்து யாரும் தொடர வேண்டாம்.

இன்னொன்று பாக்கி. நமக்காக முடிவு சொல்ல ஒருவரை அந்த ஆவணத்தில் பெயர் குறித்து வைக்க வேண்டும். அவரைக் "காப்பாளர்" என்றால் பதினெட்டு வயது நிரம்பாத பிள்ளை நினைவுக்கு வருகிறது. "விருப்புரைஞர்" எப்படி? வழக்கறிஞர் நண்பர்கள் சொல்லுங்கள்.