வாழைநார் பிரிமணை சூட்டுல கருகுது. காஸ்டிக் இல்லாம வழி உண்டா?

கேள்வி (களக்காடு பக்கம், மகளிர் குழு)

எல்லாருக்கும் வணக்கம். ஏத்தன் வாழை நார்ல பிரிமணை, கூடை, விளக்குக் கூடு எல்லாம் பின்னுதோம். பிரிமணைதான் நல்லா ஓடுது. ஆனா வாங்குனவங்க சொல்லுற குறை ஒண்ணு. அடுப்புல இருந்து இறக்குன வடைச்சட்டியை அப்படியே வச்சா, சட்டி பட்ட எடம் வட்டமா பழுப்பேறி கருகல் வாடை அடிக்குது. நகத்தால கீறுனா நார் பொடியா உதிருது. காஸ்டிக் சோடாவுல வேகவைங்கன்னு ஒரு வியாபாரி சொன்னாரு. எங்க கழிவுத்தண்ணி வாய்க்கால் வழியா பச்சையாத்துக்குத்தான் போகும். அதுல காஸ்டிக் விட எங்களுக்கு மனசு வரல. வேற வழி இருந்தா சொல்லுங்க.

பதில் (பத்தமடை)

கோரைக்காரி நான், வாழைநார் தெரியாது. ஒண்ணு மட்டும் கேக்கேன் மதினி. நாரை உரிச்ச கையோட அலசுதீங்களா, காஞ்ச பொறவா? நாங்க கோரையை ஓடுற ஆத்துத்தண்ணியில ஊறப்போட்டுத்தான் எடுப்போம். சாறு காஞ்சு ஒட்டிக்கிட்டா லேசுல போகாது.

பதில் (வீரவநல்லூர், நூல் பதனிடுற தொழில்)

தங்கச்சி, பத்தமடைக்காரங்க சரியான எடத்தைத் தொட்டுட்டாங்க. நாருக்குப் பலம் செல்லுலோஸ். அது 315 டிகிரிக்கு மேலதான் மளமளன்னு சிதையும். அதுக்கு முன்னாடியே, 220 டிகிரி வாக்குல, நாருல கூடவே இருக்குற ஹெமிசெல்லுலோஸ்ங்குற பொருள் சிதைய ஆரம்பிச்சிடும். எண்ணெய் காய்ஞ்ச சட்டியோட அடிப்பக்கம் அந்தச் சூட்டைத் தாராளமா எட்டும்.

வாழைக்குன்னு இன்னொரு வில்லங்கம் உண்டு, சாறுல இருக்குற பொட்டாசியம். அது நாருல தங்குனா செல்லுலோஸ் இன்னும் குறைஞ்ச சூட்டுலயே சிதையும், தீ பிடிக்காமலே கனலவும் செய்யும். அதனால முதல் மருந்து தண்ணிதான். ஈரம் காயுறதுக்குள்ள அலசுங்க, பிழிஞ்சா வழவழப்பு இல்லாம தெளிஞ்ச தண்ணி வரணும். அந்த முதல் அலசல் தண்ணியை வாழை மூட்டுலயே ஊத்துங்க. சாம்பல் சத்துக்கு வாழை ஏங்கும்.

அடுத்தது ஆப்பசோடா. 10 லிட்டருக்கு 1 கிலோ கரைச்சு, 4, 5 நாள் ஊறட்டும். காஸ்டிக் அளவுக்கு வேகம் கிடையாது, ஆனா ஹெமிசெல்லுலோஸ்ல ஒரு பங்கைக் கரைச்சிடும், கையையும் சுடாது. பொறவு அலசுறதுல கஞ்சத்தனம் கூடவே கூடாது. சோடியமும் பொட்டாசியம் செய்யுற அதே கெடுதலைத்தான் செய்யும். கடைசி அலசலுக்கு முந்தி கொஞ்சம் வினிகர் விட்ட தண்ணியில முக்கி எடுங்க. புளிப்பு மிஞ்சுனாலும் சூட்டுல நார் நொறுங்கும். புளிப்பும் காரமும் காட்டுற லிட்மஸ் தாள் ரெண்டு நிறத்துலயும் வாங்கி வச்சுக்கோங்க, எந்தத் தாளும் நிறம் மாறாத நிலை வர்ற வரைக்கும் அலசணும். நிழல்ல காயப்போடுங்க. சோடாத் தண்ணியை மட்டும் வயலுக்கு விடாதீங்க, மண்ணு உப்பேறிடும். அதே கரைசல்ல அடுத்த கட்டு நாரையும் ஊறப்போடலாம்.

கேட்டவர்

ரொம்ப நன்றி அண்ணாச்சி. நாங்க காயவச்ச பொறவுதான் அலசுதோம், அங்கேயே மாத்திடுதோம். விளக்குக் கூட்டுக்கும் இதே போதுமா?

பதில் (வீரவநல்லூர்)

போதாதும்மா. சூடு தாங்குறது வேற, தீ தாங்குறது வேற. தீக்குத் தவிட்டுல இருந்து எடுக்குற பைட்டிக் அமிலம் இருக்கு. அதுல உள்ள பாஸ்பரஸ் நாரைச் சீக்கிரமே கரியாக்கிடும், அந்தக் கரி மூடிக்கிட்டு தீயைப் பரவவிடாது. சீக்கிரமே கரியாகுறதால பிரிமணைக்கு ஆகாது, கழுவுனாலும் போயிடும். விளக்குக் கூட்டைக் கழுவப்போறதில்லை, அதுக்குச் சரி. இருந்தாலும் எல்இடி பல்பு மட்டும் போடணும்னு சீட்டுல எழுதியே வித்துடுங்க. குண்டு பல்பு போட்டா எந்த நாருக்கும் நான் பொறுப்பு சொல்ல மாட்டேன்.

பிரிமணையைப் பாக்கணும்னா, பழைய நாரையும் புது நாரையும் பக்கத்துல பக்கத்துல பரப்பி, இஸ்திரிப்பெட்டியைப் பருத்திச் சூட்டுல வச்சு ஒரே நேரம் அழுத்துங்க. நிறத்தை மட்டும் பாத்து முடிவு பண்ணாதீங்க, ரெண்டையும் இழுத்து அத்துப் பாருங்க.