நெடுந்தூரக் கார்ப் பயணத்தில் பூனை: எதற்காகக் கத்துகிறது என்று பாருங்கள்

மாடிப்பூனை:
சென்னையிலிருந்து திருநெல்வேலிப் பக்கம் பூனையோடு கிளம்புகிறவர்கள் எடுத்த எடுப்பில் கேட்பது, "வழியெல்லாம் கத்துது, என்ன மருந்து கொடுக்கலாம்?" என்றுதான். எல்லாக் கத்தலுக்கும் ஒரே மருந்து கிடையாது. எச்சில் ஒழுகுகிறது, உதட்டை நக்குகிறது, அடிக்கடி விழுங்குகிறது என்றால் குமட்டல். பூனையைக் கொண்டுபோகும் பெட்டிக்குள் விரித்த துணியைப் பறண்டிக்கொண்டே கத்தினால் பெரும்பாலும் சிறுநீர் முட்டுகிறது. சத்தமே இல்லாமல் சுருண்டு, கண்மணி விரிந்து கிடந்தால் பயம். சமர்த்தாக வருகிறது என்று நாம் சந்தோஷப்படுவது பாதி நேரம் இந்த நிலையைப் பார்த்துத்தான். வாயைத் திறந்து நாய் மாதிரி மூச்சிரைத்தால் ஒத்திப்போடாதீர்கள். ஓரங்கட்டி ஏசியைக் கூட்டுங்கள். சில நிமிடங்களில் அடங்காவிட்டால் அடுத்த ஊரில் கால்நடை மருத்துவரைப் பார்த்தாக வேண்டும்.

குமட்டலுக்கு முதல் வைத்தியம் வெறும் வயிறு. கிளம்ப 3, 4 மணி நேரம் முன்பே சாப்பாட்டை நிறுத்துங்கள், தண்ணீர் இருக்கட்டும். சின்னக் குட்டிக்கும் சர்க்கரை நோயுள்ள பூனைக்கும் மட்டும் மருத்துவரைக் கேட்காமல் இதைச் செய்யாதீர்கள். அப்படியும் வாந்தி எடுக்கும் பூனைக்கு மரோபிடன்ட் எழுதித் தருவார்கள். அது வாந்தியைத்தான் நிறுத்தும், பயத்தைத் தொடாது.

கூடைக்காரி:
பயத்துக்கு மருந்து தேடுமுன் பெட்டியைப் பாருங்கள் தோழி. பரணில் தூசி படிந்து கிடந்து, ஊசி போடப் போகும் அன்று மட்டும் இறங்கும் பெட்டியைக் கண்டால் எந்தப் பூனையும் கட்டிலுக்கடியில்தான் போகும். குறைந்தது இரண்டு வாரம் முன்பே கதவைக் கழற்றிவிட்டுக் கூடத்தில் போடுங்கள். பூனை படுத்த பழைய துணியை உள்ளே விரித்து, சாப்பாட்டுத் தட்டைத் தினமும் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே தள்ளுங்கள். தானாகப் போய்த் தூங்கத் தொடங்கிய பிறகு கதவை மாட்டி ஒரு நிமிடம் மூடுங்கள். அடுத்து தூக்கிக்கொண்டு நடை, நிறுத்திய காரில் ஐந்து நிமிடம், எஞ்சின் ஓட ஐந்து நிமிடம், பிறகு தெருவைச் சுற்றி ஒரு ரவுண்டு. எந்தப் படியில் தின்பண்டத்தை மறுக்கிறதோ, அதற்கு முந்தைய படிக்குத் திரும்புங்கள்.

மேல்பாதி கழலும் கெட்டி பிளாஸ்டிக் பெட்டியே நல்லது. இழுத்து வெளியே எடுக்கும் போராட்டம் இருக்காது. பூனையை அமைதிப்படுத்த விற்கும் பெரோமோன் ஸ்பிரேயைப் பெட்டிக்குள் அடிப்பதானால் பூனையை ஏற்றுவதற்கு 15 நிமிடம் முன்பு அடியுங்கள். அதில் ஆல்கஹால் உண்டு, அந்த வாடை போகாமல் ஏற்றினால் பூனை இன்னும் மிரளும்.

புதுசு:
அக்கா, பெட்டி இல்லாமல் கட்டைப்பையிலோ மடியிலோ வைத்துக் கொண்டுபோகலாமா?

கூடைக்காரி:
கூடாது தம்பி. கட்டைப்பை காற்றோட்டமில்லாமல் புழுங்கும், ஜிப்பையும் தலையால் முட்டித் திறந்துவிடும். மடியில் இருப்பது ஒரு லாரி ஹாரனில் பிரேக் மிதிக்கு அடியில் போய்ப் பதுங்கும். அப்புறம் பூனைக்கு மட்டுமல்ல, எல்லோருக்கும் ஆபத்து.

நாலுகால் பார்மசி:
பயத்துக்கு மருந்து என்றால் இன்று மருத்துவர்கள் அதிகம் எழுதுவது கபாபென்டின். வழக்கமாக ஒரு பூனைக்கு 50 முதல் 100 மி.கி., கிளம்ப இரண்டு மணி நேரம் முன்பு. வயதான பூனைக்கும் சிறுநீரகம் கெட்ட பூனைக்கும் அளவைக் குறைப்பார்கள், அதனால் சீட்டு இல்லாமல் வேண்டாம். கடையில் 300 மி.கி. காப்ஸ்யூலும் இருக்கும், நார்ட்ரிப்டிலின் என்ற இன்னொரு மருந்து கலந்த மாத்திரையும் இருக்கும். அட்டையில் கபாபென்டின் மட்டும்தானா, எத்தனை மி.கி. என்று படித்துவிட்டு வாங்குங்கள். காப்ஸ்யூலுக்குள் இருக்கும் பொடி கசக்கும். சீட்டில் எழுதிய அளவை ஒரே ஒரு ஸ்பூன் ஈர உணவோடு கலந்தால் போதும், சாப்பாட்டை நிறுத்தியிருந்தாலும் அந்த ஒரு ஸ்பூன் பரவாயில்லை. பயணத்துக்கு முன் ஒரு நாள் வீட்டில் கொடுத்துப் பாருங்கள். தள்ளாடி நடக்கும், அது எதிர்பார்த்ததுதான், கட்டில்மேல் ஏறவிடாதீர்கள்.

மனிதருக்கான தூக்க மாத்திரை, அலர்ஜி மாத்திரை எதுவும் கைவைத்தியமாக வேண்டாம். பாராசிட்டமால் பூனையைக் கொன்றுவிடும். அசிபுரோமசின் என்ற மயக்கமூட்டும் மருந்தைத் தனியாகக் கொடுத்தால் உடம்பு சோரும், உள்ளே பயம் அப்படியே இருக்கும்.

ஹைவே மியாவ்:
பெட்டிக்குச் சரியான இடம் முன்சீட்டுக்குப் பின்னால் தரைதான். இடைவெளியில் போர்வையைச் செருகி ஆடாமல் பண்ணுங்கள். சீட்டில் வைத்து பெல்ட்டால் இறுக்கினால் மோதலில் சாதாரணப் பெட்டி நொறுங்கலாம். மேலே மெல்லிய பருத்தித் துண்டு, ஒரு பக்கம் திறந்து. ஏற்றுவதற்கு 10 நிமிடம் முன்பே ஏசி ஓடட்டும். அடியில் நாய்க்குட்டிகளுக்கு விற்கும் உறிஞ்சு விரிப்பை இரண்டு அடுக்காகப் போட்டால் நனைந்ததை மட்டும் உருவிவிடலாம்.

மூன்று, நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை நிறுத்தி, எல்லாக் கதவும் கண்ணாடியும் மூடிய பிறகே பெட்டியைத் திறந்து, வீட்டு மண் போட்ட சின்ன டிரேயைக் காட்டுங்கள். ஹார்னெஸ், அதாவது மார்பைச் சுற்றி மாட்டும் வார், உடம்பில் இருக்கட்டும், ஆனால் அதை மட்டும் நம்பி பெட்ரோல் பங்கில் கதவைத் திறக்காதீர்கள், மிரண்ட பூனை பின்னால் நழுவி அதைக் கழற்றிவிடும். சாப்பிட ஹோட்டலில் இறங்கினால் ஒருவர் ஏசியோடு காரிலேயே இருக்க வேண்டும். நிழலில்தானே நிற்கிறது என்று விட்டுப் போகக் கூடாது.

மாடிப்பூனை:
இன்னொன்று அண்ணே, ஊர் போய்ச் சேர்ந்ததும் உறவுக்காரர்கள் சூழ நிற்கக் கூடத்தில் பெட்டியைத் திறப்பார்கள். கொல்லைக் கதவு வழியே பூனை காணாமல் போவது அப்போதுதான். ஜன்னல் மூடிய ஓர் அறையில் மண் டிரேயும் தண்ணீரும் வைத்து, பெட்டியைத் திறந்துவிட்டு வெளியே வந்துவிடுங்கள். சாப்பிட்டு, டிரேயையும் பயன்படுத்திய பிறகு அடுத்த அறையைத் திறந்தால் போதும்.