வாலில் கண் உள்ள ராஜா மீன்

வாலில் கண் போன்ற பொட்டு உள்ள மீனைப் பார்த்த அனுபவத்தை இங்கே பலர் எழுதுகிறீர்கள். மலேசியாவில் எங்கள் பத்து காஜா ஊர்ப் பக்கத்துக் கதையையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

எங்கள் தோட்டத்து லயத்து வீடுகளுக்குப் பின்னால் செம்பனைக் காட்டைத் தாண்டினால், வெள்ளீயம் தோண்டிய பழைய சுரங்கக் குட்டை ஒன்று உண்டு. அப்போது எனக்குப் பதினோரு வயது. கரையோரம், புல் நிழலில் ஒரு மீன் அசையாமல் நின்றது. கறுப்புக் கண் பளிச்சென்று தெரிந்தது. தலை அந்தப் பக்கம்தான் என்று கைவலையை அங்கே இறக்கிவிட்டு, பின்னாலிருந்து காலால் விரட்டினேன். மீனோ என் கால்களுக்கு இடையிலேயே பாய்ந்து ஓடிவிட்டது.

அந்த ஞாயிற்றுக்கிழமையே அப்பா தூண்டிலில் ஒன்றைப் பிடித்து என் கையில் கொடுத்தார். "நல்லா பாருடா தம்பி. நீ பாத்தது கண்ணு இல்ல, வாலு." உண்மையான கண் சிவப்பு. உடம்பில் மூன்று கறுப்புப் பட்டை. வாலடியில் கறுப்பு வட்டம், அதைச் சுற்றி மஞ்சள் வளையம், அப்படியே மயிலிறகுக் கண். மலாய்க்காரர்கள் இதை ஈக்கான் ராஜா என்கிறார்கள். சிக்லா ஒசெல்லாரிஸ் என்று 1801இல் இதற்கு அறிவியல் பெயர் வைத்தவர்களும் இந்தப் பொட்டைத்தான் பார்த்திருக்கிறார்கள்: ஒசெல்லஸ் என்றால் லத்தீனில் சின்னக் கண்.

தொட்டியில் வளர்க்கும் ஆஸ்கார் மீனுக்கும் வாலடியில் இப்படி ஒரு பொட்டு உண்டு. இரண்டுக்கும் ஊர் தென்னமெரிக்கா. அங்கே துடுப்பைக் கடிக்கும் பிரானா மீனைக் குழப்பத்தான் அந்தப் பொட்டு என்று ஆய்வாளர்கள் சிலர் கருதுகிறார்கள். என்னையே ஏமாற்றிய பொட்டு ஆயிற்றே, நான் நம்புகிறேன்.

அழகான மீன்தான். ஆனால் எனக்கு மனசு ஆறவில்லை. தங்கச்சி பிறந்தபோது அம்மாவுக்குப் புண் ஆற அப்பா ஹருவான் (விரால் மீன்) பிடித்து வந்தது அதே குட்டையில்தான். இப்போது நாள் முழுக்க உட்கார்ந்தாலும் அங்கே ஹருவான் கடிப்பதில்லை, ராஜாதான் கடிக்கிறது. பனாமாவின் காத்தூன் ஏரியில் 1960களின் கடைசியில் இந்த மீன் புகுந்து, உள்ளூர் மீன்களில் பெரும்பாலானவற்றைத் தின்று தீர்த்தது. அதனால் தொட்டியில் வளர்ப்பவர்களைக் கெஞ்சிக் கேட்கிறேன்: பெரிதாகிவிட்டது என்று ஆற்றிலோ குட்டையிலோ கொண்டுபோய் விடாதீர்கள்.

போன மாதம் என் மகன் அதே கரையில் ஒன்றைத் தூக்கினான். வால் பொட்டைக் கொஞ்ச நேரம் விரலால் தடவிப் பார்த்தான். தண்ணீரில் திரும்ப விடவில்லை. அம்மா புளி கரைத்துக் குழம்பு வைத்தார்.