நம்ம வீட்டுக் குழு: சத்தத்தை அணைத்துவிட்டுப் படம் பார்த்த கதை

நான், இரவு 8.12
எல்லோரும் சாப்பிட்டாச்சா? ஒரு சந்தேகம். நிறையப் படம் பார்க்கிறேன், ஆனால் யாராவது ஏன் நன்றாக இருக்கிறது என்று கேட்டால் "சூப்பர்" என்பதற்கு மேல் வாயில் வார்த்தை வரவில்லை. சினிமாவை ஒழுங்காகப் பார்க்கக் கற்றுக்கொள்ள என்ன செய்யலாம்? பணம் கட்டிப் படிக்க இப்போது முடியாது.

தம்பி, 8.14
முதலில் கரண்டு வரட்டும் அக்கா 😂

மோல்மேன் பெரியப்பா, 8.31
பணமெல்லாம் வேண்டாம்மா. பராசக்தி பார், 1952ல் வந்தது. கதையே நம்ம ரங்கூனில்தான் ஆரம்பம், மூன்று அண்ணன்மார் இங்கே, தங்கை மதுரையில், நடுவில் யுத்தம். அப்புறம் அந்த நாள் பார், 1954. ஒரு கொலை, ஆளாளுக்கு ஒரு கதை சொல்வார்கள், பாட்டே கிடையாது. இரண்டிலும் சிவாஜிதான், இரண்டுக்கும் கேமரா மாருதி ராவ்தான். இருந்தும் ஒன்று காதுக்கு எடுத்த படம், மற்றது கண்ணுக்கு எடுத்த படம். எப்படி என்று நீயே கண்டுபிடி.

தாம்வே அத்தை, 8.40
அண்ணே, பிள்ளை கேட்டதற்கு நேராகப் பதில் சொல்லுங்களேன், பரீட்சை வைக்கிறீர்கள்

மோல்மேன் பெரியப்பா, 8.52
சரி. நம்ம ஆட்கள் சினிமாவைப் பார்த்ததைவிடக் கேட்டதுதான் அதிகம். பராசக்தி வசனத்தைக் கிராமபோன் தட்டாகவே போட்டு விற்றார்கள், அப்பாவும் ஒன்று வாங்கி வைத்திருந்தார், நான் படத்தைப் பார்க்கும் முன்பே கோர்ட்டு சீன் முழுக்க மனப்பாடம். அதனால் கண்ணுக்கு வேலையே இல்லாமல் போய்விட்டது. ஒரு தடவை கதைக்காகப் பார். மறுநாள் அதில் பத்து நிமிடத்தை மட்டும் சத்தத்தை அணைத்துவிட்டுப் பார். வெளிச்சம் எந்தப் பக்கமிருந்து விழுகிறது, கேமரா எப்போது முகத்துக்குக் கிட்டே போகிறது, எந்த இடத்தில் காட்சியை வெட்டி அடுத்ததற்குத் தாவுகிறான், இந்த மூன்றையும் ஒரு நோட்டில் எழுது. இரண்டு படமும் யூடியூபில் கிடைக்கும்.

நான், 8.55
பேசாத படமாகவே பார்த்தால் இன்னும் சுலபமா பெரியப்பா?

மோல்மேன் பெரியப்பா, 9.03
கெட்டிக்காரி. இந்த ஊர் பர்மாப் படமே இருக்கிறது, மியா கா நைன், 1934, பேசாத படம். இத்தாலியில் வைத்துச் சுத்தம் செய்து புதுப்பித்தார்கள். எங்காவது திரையிட்டால் விட்டுவிடாதே. அந்த நாள் பிடித்துப்போனால் குரோசவாவின் ரஷோமோன் பார், 1950, ஜப்பான் படம். ஒரே சம்பவத்தை ஒவ்வொருவரும் ஒரு மாதிரி சொல்லும் அந்த உத்தி அதிலிருந்து வந்ததுதான்.

தம்பி, 9.05
ஜப்பான்காரன் படத்துக்குச் சத்தம் இருந்தாலும் எனக்கு ஒன்றுதான்

நான், 9.07
😂😂 படிக்கத் தமிழில் ஏதாவது?

மோல்மேன் பெரியப்பா, 9.20
தியடோர் பாஸ்கரன் எழுதியதில் ஆரம்பி. எம் தமிழர் செய்த படம் என்று ஒரு புத்தகம், பழைய தமிழ் சினிமா எப்படி வளர்ந்தது என்று தெரியும். ஊரிலிருந்து யாராவது வந்தால் சொல்லி விடு. விமர்சனத்தைப் படத்துக்கு முன்னால் மட்டும் படிக்காதே, பிறகு அடுத்தவன் கண்ணால்தான் பார்ப்பாய்.

தாம்வே அத்தை, 9.21
இந்தச் செய்தி நீக்கப்பட்டது

தம்பி, 9.22
அத்தை என்ன அழித்தீர்கள்??

தாம்வே அத்தை, 9.22
ஒன்றுமில்லை, கை பட்டுவிட்டது

(மறுநாள்)

தம்பி, இரவு 11.48
கரண்டு பதினொன்றுக்குத்தான் வந்தது. அந்த நாள் முதல் பத்து நிமிடம், சத்தம் இல்லாமல். எடுத்த எடுப்பிலேயே ஹீரோ செத்துவிட்டான் பெரியப்பா! அப்புறம் பார்த்தால் வீட்டுக்குள் எங்கே பார்த்தாலும் நிழல்தான், எவனையும் நம்ப முடியவில்லை.

மோல்மேன் பெரியப்பா, 11.50
இதைத்தான் சொன்னேன். நோட்டில் எழுது.

தாம்வே அத்தை, 11.57
இங்கே நடந்ததைக் கேளுங்கள் அண்ணே. நானும் பராசக்தி கோர்ட்டு சீனைப் போட்டுச் சத்தத்தை அணைத்தேன். அம்மாவுக்குத்தான் இப்போது பார்வை மங்கலாச்சே, தூங்குகிறது என்று நினைத்தேன். என்ன படம் என்று கேட்டது, சொன்னேன். அவ்வளவுதான், கட்டிலில் எழுந்து உட்கார்ந்து முழு வசனத்தையும் அதுவே பேச ஆரம்பித்துவிட்டது. பக்கத்து வீட்டு பர்மாக்காரம்மா என்ன சண்டை என்று எட்டிப் பார்த்துவிட்டுப் போகிறாள். 🤦‍♀️