பாட்டா பர்மாவில் சண்டை போட்டாரா, ஆடு மேய்த்தாரா?

கிடைக்காரன்_பேரன் (தோவாளை):

எங்கள் அம்மாவின் அப்பா செம்மறிக்கிடை வைத்திருந்தவர். கன்னிப்பூ, அதாவது முதல் போக நெல், அறுப்பு முடிந்ததும் நாஞ்சில்நாட்டு வயல்களில் கிடை போடுவார், அதாவது எருவுக்காக ராத்திரி ஆடுகளை வயலில் அடைப்பார். அடுத்த நடவுக்கு உழவு தொடங்கும் முன்னே மந்தையைக் கிளப்பி, ஆரல்வாய்மொழிக் கணவாய் தாண்டி பணகுடி, வள்ளியூர்ப் பக்கம் போய்விடுவார். யுத்த காலத்தில் அதை எல்லாம் விட்டுவிட்டுப் பட்டாளத்துக்குப் போனார். திரும்பி வந்து மறுபடியும் ஆடு. நான் பார்த்த பாட்டாவுக்குத் தோளில் கம்பளி, கையில் துரட்டி, அவ்வளவுதான். பட்டாளத்தைப் பற்றிக் கேட்டால் "அங்கயும் ஆடு பத்தினேன்" என்பார். அதற்கு மேல் பேச்சு வராது.

இப்போது வீட்டை இடித்துக் கட்டுவதற்காகப் பழைய தகரப்பெட்டியை ஒழித்தபோது ஆறு முனை நட்சத்திரப் பதக்கம் ஒன்று கிடைத்தது. நடுவில் கிரீடம், சுற்றி "தி பர்மா ஸ்டார்" என்று இங்கிலீஷ் எழுத்து. நாடா இற்றுப்போய் நடுவில் மட்டும் சிவப்பு தெரிகிறது. கூடவே ஒரு வட்டப் பதக்கம், அதில் சிங்கம் எதையோ மிதித்துக்கொண்டு நிற்கிறது. காகிதங்களைக் கறையான் தின்றுவிட்டது.

"உங்க பாட்டா பட்டாளத்துலயும் ஆட்டுக்காரன்தான்டே, துப்பாக்கியத் தொட்டிருக்க மாட்டார்" என்று மாமா சிரிக்கிறார். அவர் சொல்வது சரிதானா? ஆடு பத்தியவருக்கு எதற்கு இந்த நட்சத்திரம்? எந்தப் படைப்பிரிவு என்று கண்டுபிடிக்க வழி உண்டா?

மாஜி_ஹவில்தார் (இரணியல்):

தம்பி, நான் ஆர்மி சர்வீஸ் கோரில் இருந்தவன், அதாவது சாப்பாடு, வண்டி, பெட்ரோல் எல்லாம் கொண்டுபோய்ச் சேர்க்கிற பிரிவு. உன் மாமாவிடம் முதலில் இதைச் சொல். பர்மா ஸ்டார் 1941 டிசம்பர் 11 முதல் 1945 செப்டம்பர் 2 வரைக்குள் அந்தக் களத்தில் இருந்தவர்களுக்குக் கொடுத்தது. இந்தியாவுக்குள்ளேயே வேலை பார்த்தவர்களுக்கு இந்தியா சர்வீஸ் மெடல் என்று தனியாக ஒன்று உண்டு. வட்டமாக இருப்பது வார் மெடல், சிங்கம் மிதிப்பது இரட்டைத்தலை டிராகனை.

இனி ஆடு விஷயம். காட்டுக்குள் குளிர்பதனப் பெட்டி ஏது? இந்தியச் சிப்பாயின் கறி ரேஷன் நாலு காலில் நடந்துதான் போனது. முஸ்லிமுக்கு ஹலால் வேண்டும், சீக்கியருக்கு ஜட்கா, அதாவது ஒரே வெட்டில் வெட்டிய கறி வேண்டும். டின்னில் அடைத்த கறியைக் கொடுத்து அவர்களைச் சமாளிக்க முடியாது. அதனால் மந்தையாகவே ஓட்டிக்கொண்டு போய், தேவைப்படும் இடத்தில் வெட்டுவார்கள். காலில் குளம்பழுகல் வராமல், வழியில் கண்டதைத் தின்று சாகாமல் ஓட்டிக்கொண்டு போக ஆள் வேண்டாமா? உன் பாட்டா மாதிரி ஆளைத்தான் போட்டிருப்பார்கள். இல்லையென்றால் கோவேறு கழுதைக் கம்பெனியில் போட்டிருக்கலாம். ஜப்பான்காரனின் வரிசைக்குப் பின்னால் காட்டுக்குள் புகுந்து அடித்த சிந்திட் படையோடு போன கழுதைகள் கத்தி எதிரிக்குக் காட்டிக்கொடுத்துவிடக் கூடாது என்று குரல் நாணையே அறுத்தார்கள், பாவம்.

துப்பாக்கி தொட்டாரா என்று கேட்டாய். 1944 பிப்ரவரியில் பர்மாவின் மேற்குக் கரையோரமான அரக்கானில் "அட்மின் பாக்ஸ்" என்று ஒரு சண்டை. அது சண்டைக்கென்று போட்ட முகாமே இல்லை, சரக்கும் ஆஸ்பத்திரியும் இருந்த இடம். ஜப்பான்காரன் சுற்றி வளைத்ததும் கிளார்க், டிரைவர், கழுதைக்காரன் எல்லாரும் துப்பாக்கியோடு குழிக்குள் இறங்கினார்கள். அடுத்த மாதக் கடைசியில் இந்திய எல்லைக்குள்ளேயே இம்பால்–கோஹிமா ரோட்டை அறுத்தான், அது ஜூன் 22-ல்தான் திறந்தது. அதுவரை இம்பாலுக்குள் இருந்தவர்களுக்கு விமானத்தில் வந்ததுதான் சாப்பாடு. உன் பாட்டா இதில் எங்கே இருந்தார் என்று பதக்கம் சொல்லாது. ஆனால் பர்மாவில் பின்வரிசை என்று ஒன்றை நம்பி யாரும் தூங்கவில்லை.

கோர்ட்_ரோடு (நாகர்கோவில்):

ஆவணம் தேடுவதற்கு: பென்ஷன் ஆபீஸில் அலைய வேண்டாம். பென்ஷனுக்குப் பதினைந்து வருஷ சர்வீஸ் வேண்டும், யுத்தத்துக்காகச் சேர்த்தவர்களை யுத்தம் முடிந்ததும் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். லண்டனுக்கும் எழுதாதீர்கள், சிப்பாய்களின் சர்வீஸ் காகிதம் இந்தியாவில்தான். நாகர்கோவிலில் முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தில் கேளுங்கள். அப்புறம் ரெக்கார்ட் ஆபீஸ்களுக்கு எழுத வேண்டும்: மதராஸ் ரெஜிமெண்டுக்கு வெலிங்டன், பாலம், ரோடு போடுகிற சாப்பர்களுக்குப் பெங்களூர். மனுவில் ஊரை "தோவாளை தாலுகா, திருவிதாங்கூர் சமஸ்தானம்" என்று எழுதுங்கள். 1956 நவம்பர் 1-க்கு முன்னால் நாம் தமிழ்நாடே இல்லை. பேரின் எழுத்துக்கூட்டை நாலு விதமாகக் கொடுங்கள்.

பூதப்பாண்டி_மந்தை:

எல்லாரும் பதக்கத்தையே பேசுகிறீர்கள். கிடையை விட்டு ஒருத்தன் ஏன் போனான் என்று யாரும் கேட்கவில்லை. நானும் கிடைக்காரன், எங்கள் வீட்டுப் பெரியவர்கள் சொன்னது இது. கிடைக்கூலி அன்றைக்குக் காசாக இல்லை, நெல்லாகத்தான். 1942 மார்ச்சில் ரங்கூன் ஜப்பான்காரன் கையில் போனதும் பர்மா அரிசி நின்றது. திருவிதாங்கூர் அந்த அரிசியை நம்பி இருந்த நாடு. வயல்காரன் நெல்லை அரசாங்கத்துக்கு அளக்க வேண்டி வந்தது. பிறகு கிடைக்காரனுக்கு அளக்க எங்கே போவான்? எல்லார் வீட்டிலும் மரச்சீனி, அதாவது மரவள்ளிக் கிழங்குதான், அதுவும் இரண்டு வேளைக்குப் பத்தாது. பட்டாளத்தில் சோறும் மாதச் சம்பளமும். பாட்டா வீரத்துக்குப் போனாரா என்று தெரியாது, பசிக்குப் போனார் என்பது எனக்கு நிச்சயம்.

இன்னொன்று. கிடைக்குள் படுக்கிறவன் ஆடு அசைபோடுகிற சத்தத்திலேதான் தூங்குவான். அது நின்றால் விழித்துக்கொள்வான், ஏனென்றால் நரியோ திருடனோ வந்தால் ஆடு முதலில் வாயை நிறுத்தும். அப்படிப்பட்டவனை ராத்திரிக் காவலுக்குப் போட்ட அதிகாரி புத்திசாலி.

கிவி_கருங்கல்:

நான் நியூசிலாந்தில் வண்டி ஓட்டுகிறேன். ஆட்டுக்காரன் என்று சிரிக்கிற மாமாவுக்காக: இங்கே சார்லஸ் அப்ஹாம் என்று ஒருவர், கான்டர்பரி மலைப்பண்ணைகளில் ஆறு வருஷம் செம்மறி மேய்த்தவர். 1941-ல் கிரீட் தீவிலும், 1942-ல் எகிப்தின் ருவைசாத் மேட்டிலும் போரிட்டு, வீரத்துக்கான மிக உயர்ந்த பிரிட்டிஷ் பதக்கமான விக்டோரியா கிராஸை இரண்டு தடவை வாங்கினார். களத்தில் சண்டை போட்டு அதை இரண்டு தடவை வாங்கியவர் அவர் ஒருவர்தான். இரண்டாவது சண்டையில் கை உடைந்து பிடிபட்டு, தப்பிக்கப் பார்த்துப் பார்த்துக் கடைசியில் ஜெர்மனியின் கோல்டிட்ஸ் கோட்டைச் சிறைக்குப் போனார். யுத்தம் முடிந்து பண்ணை வாங்கிக்கொள்ளச் சொல்லி மக்கள் பத்தாயிரம் பவுண்டு திரட்டினார்கள். வேண்டாம், படிக்கிற பிள்ளைகளுக்குக் கொடுங்கள் என்று சொல்லிவிட்டு, கடன் வாங்கி நிலம் வாங்கி மறுபடியும் ஆடு மாடு என்று இருந்துவிட்டார். ஆம்பர்லியில் அவருக்குச் சிலை உண்டு, நான் பார்த்திருக்கிறேன்.

கிடைக்காரன்_பேரன்:

எல்லாருக்கும் நன்றி. மாமாவுக்கு வாசித்துக் காட்டினேன், "அந்த வெள்ளைக்காரனும் எங்க அப்பாவும் ஒண்ணா?" என்கிறார். ஆனால் பதக்கத்தைக் கேட்டு வாங்கிப் பார்த்தார். பின்பக்கம் ஏதாவது நம்பர் வெட்டியிருக்கிறதா என்று தெரியவில்லை, ஒரே களிம்பு. அம்மா புளி போட்டுத் தேய்க்கலாம் என்று நிற்கிறாள்.

மாஜி_ஹவில்தார்:

புளியா! தொடவிடாதே தம்பி. மெல்லிய துணியால் துடைத்து, வெளிச்சத்தில் சாய்த்துப் பார், போதும். நாடா புதிதாகத் தைத்துக்கொள்ளலாம்: நடுவே சிவப்பு, இரண்டு பக்கமும் கருநீலம், அந்த நீலத்துக்குள் ஒரு ஆரஞ்சுக் கோடு. நம்பர் கிடைத்தால் இங்கே போடு, எந்தப் பிரிவுக்கு எழுதலாம் என்று பார்ப்போம்.