மறு: ‘சாக்’ – சூறையா, சாக்கா, அமுக்கா?

அன்பு நண்பர்களுக்கு வணக்கம்.

அமெரிக்கக் கால்பந்து வீரர் டீக்கன் ஜோன்ஸ் பற்றிய கலைக்களஞ்சியக் கட்டுரை முக்கால்வாசி முடிந்துவிட்டது. ‘சாக்’ (sack) என்ற ஒரே ஆங்கிலச் சொல்லைத் தமிழாக்குவதில் வந்து வண்டி நிற்கிறது. ஆட்டத்தில் அந்தச் சொல்லைப் புழக்கத்தில் விட்டவரே அவர்தான் என்பதால், வெறுமனே ஒலிபெயர்த்துவிட்டு நகர மனசு வரவில்லை. போன வாரம் வந்த மடல்களுக்கெல்லாம் சேர்த்து இங்கே பதில் எழுதுகிறேன்.

ஆட்டம் பார்க்காதவர்களுக்காக இரண்டு வரி. தாக்கும் அணிக்குப் பத்து கெஜம் முன்னேற நான்கு முயற்சிகள் உண்டு. குவார்ட்டர்பேக் பந்தை வாங்கிக்கொண்டு சில அடி பின்வாங்கி, யாருக்கு எறியலாம் என்று பார்ப்பார். அந்த இரண்டு மூன்று நொடிக்குள் எதிரணி வரிசையிலிருந்து ஒருவர், தன்னை மறிக்கும் மலை போன்ற ஆளைத் தாண்டி வந்து, பந்து கையை விட்டுப் போவதற்குள் அவரைத் தரையில் சாய்த்துவிட்டால் அது சாக். ஒரு முயற்சி வீண், நின்ற இடமும் பறிபோகும். எறிந்து தவறியிருந்தால் இடமாவது மிஞ்சும். எறியும் எண்ணமே இல்லாமல் பந்தோடு ஓடியவரை மடக்கினால் அது வேறு கணக்கு, சாக் ஆகாது.

> ‘எறிமுன் வீழ்த்தல்’ என்று வைக்கலாம். பார்த்தவுடன் பொருள் விளங்கும்.

ஐயா, பொருள் விளங்குவதை மறுக்கவில்லை. ஆனால் அது விளக்கம், சொல் அல்ல. ஜோன்ஸுக்கு முன்னால் ஆங்கிலத்திலும் இதே கதைதான். எறியப்போனவரை ஆட்டம் தொடங்கும் கோட்டுக்குப் பின்னால் வீழ்த்தினார் என்று நீட்டி முழக்கவேண்டியிருந்தது. ஒரே மூச்சில் சொல்ல ஒரு வார்த்தை வேண்டும் என்றுதான் அவர் ‘சாக்’ என்றார்.

மனிதர் பெயர் வைப்பதில் கெட்டிக்காரர். 1938-இல் ஃப்ளோரிடாவின் ஈட்டன்வில்லில் பிறந்தபோது அவர் பெயர் டேவிட் ஜோன்ஸ். லாஸ் ஏஞ்சலஸ் வந்து டெலிபோன் டைரக்டரியைப் புரட்டினால் டேவிட் ஜோன்ஸ்கள் வரிசை கட்டி நின்றார்கள். யாருக்கும் நினைவிருக்காது என்று ‘டீக்கன்’ என்று தானே வைத்துக்கொண்டார். தேவாலயத் தொண்டர் என்று பொருள். அந்தச் சாதுவான பெயரை வைத்துக்கொண்டு களத்தில் அவர் செய்ததைப் பார்க்க வேண்டும்!

> ‘சூறை’ எப்படி? ‘சாக்’ என்பதற்கு ஆங்கிலத்தில் உள்ள, நகரைச் சூறையாடுவது என்ற பொருள் அப்படியே கிடைக்கிறது. பழைய சொல், கம்பீரமாகவும் இருக்கிறது.

எனக்கும் முதலில் இதுதான் பிடித்திருந்தது. ஒரு நகரத்தைச் சூறையாடுவதுபோல குவார்ட்டர்பேக்கை நாசமாக்குவது என்று ஜோன்ஸே விளக்கம் சொல்லியிருக்கிறார். ஆனால் சூறை என்றால் ஒரு கூட்டம் உள்ளே புகுந்து அள்ளிக்கொண்டு போகவேண்டும். இங்கே அள்ள ஒன்றும் இல்லை, ஓர் ஆள் கீழே விழுகிறார், அவ்வளவுதான். எண்ணவும் முடியவில்லை. ‘இன்று மூன்று சூறை’ என்று சொல்லிப் பாருங்கள், வானிலை அறிக்கை மாதிரி இருக்கிறது.

> நேராகச் ‘சாக்கு’ என்றே வைத்தால் என்ன? ஒலியும் அதுதான், கோணியும் அதுதான்.

தம்பி வேடிக்கையாகத்தான் கேட்டிருப்பார். ஆனால் இதில் விஷயம் இருக்கிறது. ஜோன்ஸ் சொன்ன இன்னொரு விளக்கம் கோணிதான்: எதிரணியின் மறிப்பு வரிசை மொத்தத்தையும் ஒரு சணல் சாக்கில் போட்டுக் கட்டி, பேஸ்பால் மட்டையால் சாத்துவது. இந்தச் சொல்லை முதலில் சொன்னது ஜோன்ஸின் பயிற்சியாளர் ஜார்ஜ் ஆலன்தான் என்று, ஆலனிடம் உதவிப் பயிற்சியாளராக இருந்த மார்வ் லீவி சொன்ன கதையிலும் மூட்டை வருகிறது. டல்லஸ் அணியின் குவார்ட்டர்பேக் கிரெய்க் மார்ட்டன். மார்ட்டன் என்பது அங்கே பேர்போன உப்பு. அந்த உப்பைச் சாக்கில் கொட்டிவிடுவோம் என்று ஆலன் தன் ஆட்களிடம் சொன்னாராம்.

இருந்தாலும் சாக்கு வேண்டாம். ‘ஜோன்ஸ் இரண்டு சாக்கு சொன்னார்’ என்று யாராவது படித்தால் தாமதமாக வந்ததற்குக் காரணம் சொன்னார் என்று நினைப்பார்கள்.

என் கட்சி ‘அமுக்கு’. ‘ஓடிப்போய் ஒரே அமுக்காய் அமுக்கிட்டான்’ என்று நாம் பேசுவதுதான். கோழியை அமுக்குவது, திருடனை அமுக்குவது எல்லாவற்றிலும், தப்பப் பார்க்கிற ஒன்றை நழுவுவதற்குள் தரையோடு சேர்ப்பது என்ற பொருள் இருக்கிறது. வினையாகவும் வரும், பெயராகவும் வரும்.

முக்கியமாக, பாதியாகவும் வரும். இரண்டு பேர் சேர்ந்து சாய்த்தால் ஆளுக்கு அரை என்று கணக்கு எழுதுவார்கள். ‘அரை எறிமுன் வீழ்த்தல்’ என்று எழுத எனக்குக் கை வராது. ‘அரை அமுக்கு’ தானாக வருகிறது.

கட்டுரையில் இப்படி எழுதிப் பார்த்தேன்:

“இரு அணிகளும் எதிரெதிரே அணிவகுக்கும் முட்டுக்கோட்டில் ஒரு கையை ஊன்றிக் குனிந்திருக்கிறார் ஜோன்ஸ். ஆறடி ஐந்தங்குலம், 272 பவுண்டு. பந்து அசைந்ததும் எழுகிறார். எதிரே நிற்பவர் கையை உயர்த்துவதற்குள் அவருடைய ஹெல்மெட்டின் காதோரம் உள்ளங்கையால் ஓர் அறை. ஹெல்மெட்டுக்குள் மணி அடித்தது போல் இருக்கும். கண் தானாக மூடும். அந்த ஓர் இமைப்பு போதும், ஜோன்ஸ் அவரைத் தாண்டியிருப்பார்.”

அந்தக் காதோர அறைக்குச் ‘செவிட்டறை’ என்று போட்டிருக்கிறேன். செவிட்டில் ஒன்று விட்டேன் என்று சொல்வதுதானே, புதிதாக எதையும் உருவாக்கவில்லை. ‘அந்த அறை நான் கண்டுபிடித்ததில்லை, ரெம்பிராண்ட் கூடத்தான் ஓவியத்தைக் கண்டுபிடிக்கவில்லை’ என்று ஜோன்ஸ் சொன்னது என் மனசுக்குப் பிடித்த பதில். 1977-இல் அந்த அறையையே விதி போட்டுத் தடுத்துவிட்டார்கள்.

அன்புடன்,
இழையைத் தொடங்கியவன்

---

வணக்கம் தம்பி. டொரண்டோவில் இருந்து எழுதுகிறேன்.

யாழ்ப்பாணத்தில் படித்த எங்களுக்கு ‘அமுக்கம்’ என்றால் நீங்கள் சொல்லும் அழுத்தம். குருதி அமுக்கம், வளி அமுக்கம் என்று பாடப்புத்தகத்திலேயே இருக்கிறது. இந்த விளையாட்டில் ‘பிரஷர்’ என்று ஒரு தனிக் கணக்கு இருக்கிறதல்லவா? குவார்ட்டர்பேக்கை விழுத்தாமல் நெருக்கி, அவசரமாக எறிய வைத்தால் அது. அமுக்கம் ஒன்று, அமுக்கு ஒன்று என்று வந்தால் எங்கள் ஆட்கள் குழம்பிப்போவார்கள்.

---

அக்கா, இது நான் யோசிக்காதது. நன்றி. அந்தக் கணக்குக்கு ‘நெருக்கு’ என்று வைத்துவிடலாமா? நீங்களே ‘நெருக்கி’ என்றுதான் எழுதியிருக்கிறீர்கள். ஐந்து நெருக்கு, இரண்டு அமுக்கு. ஒன்று விழாதது, ஒன்று விழுந்தது. ‘அமுக்கம்’ என்ற வடிவத்தை இரண்டுக்கும் தொடாமல் விட்டுவிடுவோம்.

---

> அமுக்கு கொச்சையாக இருக்கிறது. கலைக்களஞ்சியத்தில் போடக் கூசும்.

ஐயா, கோணிச்சாக்கும் மட்டையும் என்று பேசிய சொல்தான் இன்று என்.எஃப்.எல் என்ற தொழில்முறைக் கூட்டமைப்பின் ஏட்டில் இருக்கிறது. வரிசை வீரர்கள் பேசிய சொல் வரிசை வீரர் போலத்தானே இருக்கும். நளினம் பார்க்காது. ஜோன்ஸின் அணித் தோழர் ரோஸி கிரியர், 1968-இல் லாஸ் ஏஞ்சலஸ் ஓட்டலில் ராபர்ட் கென்னடியைச் சுட்டவன்மேல் பாய்ந்து துப்பாக்கியைப் பிடுங்கியவர்களில் ஒருவர். அதைத் தமிழில் சொல்லச் சொன்னால் நீங்களும் ‘அமுக்கிப் பிடித்தார்கள்’ என்றுதான் சொல்வீர்கள்.

கிரியர், ஜோன்ஸ், மெர்லின் ஓல்சன், லாமார் லண்டி நால்வரும்தான் ராம்ஸ் அணியின் அந்தப் புகழ்பெற்ற தடுப்பு வரிசை. ஜோன்ஸ் அதில் இடது ஓரம். அவர்களின் ‘ஃபியர்சம் ஃபோர்சம்’ என்ற பட்டத்துக்கு ‘அச்சமூட்டும் நால்வர்’ என்று போட்டிருக்கிறேன். ‘பயங்கர நால்வர்’ என்றால் தேடப்படும் குற்றவாளிகள் போல ஆகிவிடுகிறது.

கட்டுரையின் கடைசிப் பகுதிக்காகவும்தான் எனக்கு இந்தச் சொல் அவசரமாக வேண்டும். கல்லூரியில் கறுப்பினத்தவரின் குடிமை உரிமைப் போராட்டத்தில் கலந்துகொண்டதற்காக உதவித்தொகையை இழந்தவர் ஜோன்ஸ். கல்லூரி வீரர்களை அணிகள் சுற்றுச் சுற்றாகத் தேர்ந்தெடுக்கும்போது, 1961-இல் 14-ஆம் சுற்றில்தான் ராம்ஸ் அவரை எடுத்தது. அவ்வளவு கீழே இருந்து வந்து பதினொரு பருவம் அங்கே, பிறகு சான் டியாகோவில் இரண்டு, வாஷிங்டனில் ஒன்று. 1974-இல் ஓய்வு, 1980-இல் புகழ்மண்டபம். ஆனால் அந்தக் கூட்டமைப்பு சாக்கைக் கணக்கு வைக்கத் தொடங்கியது 1982-இல். ஆக, சொல்லைக் கொடுத்தவருக்கு ஏட்டில் ஒன்றுகூட இல்லை! ஆய்வாளர்கள் பழைய ஆட்டக் குறிப்புகளைச் சலித்தெடுத்ததில் 173.5 தேறியது. அந்த வரிசையில் புரூஸ் ஸ்மித்தின் 200-க்கும் ரெஜ்ஜி வைட்டின் 198-க்கும் அடுத்த இடம். அவர் 2013-இல் இறந்த பிறகு, பருவத்தில் அதிக சாக் எடுப்பவருக்கு அவர் பெயரில் விருது வைத்தார்கள்.

‘நூற்று எழுபத்து மூன்றரை அமுக்கு’ என்று எழுதிவிட்டேன். வாய்விட்டுப் படித்துப் பாருங்கள்.

---

படித்தேன். சரி, அமுக்கு நிற்கும். ‘அரையமுக்கு’ என்று சேர்த்து எழுதுங்கள். சொன்னால் கேட்கமாட்டீர்கள், தெரியும். அப்புறம் போகிற போக்கில் ‘முட்டுக்கோடு’ என்று ஒன்றைப் போட்டிருக்கிறீர்களே, அதை யார் ஒப்புக்கொண்டது? ஆட்டம் தொடங்கும்வரை அங்கே யாரும் முட்டுவதே இல்லை. தனி இழையாகத் தொடங்குங்கள், பேசுவோம்.