உதவித்தொகை + கோடை இன்டர்ன்ஷிப் + இரண்டு வருட பாண்ட்: கையெழுத்துப் போடலாமா?

புதுத்திருகு:
இயந்திரவியலில் இரண்டாம் ஆண்டு முடியப் போகிறது. ஒரு பெரிய உதிரிபாக நிறுவனம் மீதி இரண்டு வருடக் கட்டணத்தையும் உதவித்தொகையாகத் தருவதாகச் சொல்கிறது. இந்தக் கோடையிலும் அடுத்த கோடையிலும் அவர்களுடைய ப்ரெஸ் ஷாப்பில் (தகட்டை அழுத்திப் பாகம் செய்யும் பிரிவு) எட்டெட்டு வாரம் இன்டர்ன்ஷிப், ஸ்டைபெண்ட் தனி. பதிலுக்கு, பட்டம் வாங்கியதும் இரண்டு வருடம் அங்கே வேலை பார்க்க வேண்டும். நடுவில் விட்டால் வாங்கியது முழுவதையும் திருப்பிக் கட்ட வேண்டும்.

இன்னொரு பக்கம், டை (தகட்டுக்கு வடிவம் தரும் அச்சு), ஜிக், ஃபிக்ஸர் (வேலை நடக்கும்போது பாகத்தைப் பிடித்து நிறுத்துபவை) எல்லாம் செய்யும் சிறிய டூல் ரூம் ஒன்று இந்தக் கோடைக்கு மட்டும் கூப்பிடுகிறது. ஸ்டைபெண்ட் சுமார்தான், ஆனால் ஒப்பந்தம் எதுவும் இல்லை. வீட்டில் பணக்கஷ்டம் உண்டு, படிப்பு நின்றுபோகும் அளவுக்கு இல்லை. எதை எடுப்பது?

கரிவார்ப்பு:
இதில் யோசிக்க என்ன இருக்கிறது தம்பி? படிப்புக்குப் பணம், கோடைக்குப் பணம், முடித்ததும் வேலை. உற்பத்தித் துறையில் படிப்பும் ஆலையும் கைகோத்துப் போவது நேற்று வந்த பழக்கம் இல்லை. 1906ல் சின்சினாட்டி பல்கலைக்கழகத்தில் ஹெர்மன் ஷ்னைடர் 27 பொறியியல் மாணவர்களை வைத்து ஆரம்பித்தார். கொஞ்ச நாள் வகுப்பு, கொஞ்ச நாள் ஆலை என்று மாறி மாறிப் போனார்கள், ஆலையில் கூலியும் கிடைத்தது. ஜெனரல் மோட்டார்ஸ் ஒரு படி மேலே போய், தனக்கு வேண்டிய பொறியாளர்களை உருவாக்கத் தானே ஒரு கல்லூரி நடத்தியது.

இரண்டு கோடை ஒரே ஷாப்பில் நின்ற பையன் வேலைக்குச் சேரும்போது, எந்த ப்ரெஸ் எப்போது மக்கர் பண்ணும் என்பதுவரை தெரிந்துதான் வருவான். இரண்டு வருட பாண்ட் ஒரு விஷயமே இல்லை. புதிதாகச் சேருகிறவன் உருப்படியாக ஏதாவது செய்யவே ஒரு வருடம் ஓடிவிடும்.

எட்டாவது பக்கம்:
ஐயா, அந்தக் கல்லூரியின் மீதிக் கதையையும் சொல்லிவிடுகிறேன். ஜெனரல் மோட்டார்ஸ் 1982ல் அதைக் கைகழுவிவிட்டது. கல்லூரி எப்படியோ சமாளித்து நின்றது, 1998ல் கெட்டரிங் பல்கலைக்கழகம் என்று பெயரும் மாறியது. மாணவர்கள் இன்றைக்கும் ஒரு பருவம் வகுப்பு, ஒரு பருவம் வேலை என்றுதான் படிக்கிறார்கள், ஆனால் பல நிறுவனங்களுக்குப் போகிறார்கள். அவ்வளவு பெரிய நிறுவனமே மனம் மாறலாம் என்றால், இரண்டாம் ஆண்டு மாணவர் ஒருவர் மட்டும் அடுத்த நான்கு வருடத்தையும் இன்றைக்கே எழுதிக் கொடுத்துவிட வேண்டுமா?

வேலையை விட்டால் திரும்பக் கேட்கிற பணம் கடன்தான். டூல் ரூமுக்குப் போங்கள்.

மைக்ரோமீட்டர்:
இரண்டு பேரும் பணத்தையும் பாண்டையும் பிடித்துக்கொண்டு நிற்கிறீர்கள். அந்த எட்டு வாரத்தில் என்ன வேலை தரப்போகிறார்கள் என்று யாருமே கேட்கவில்லையே? நான் தரக்கட்டுப்பாட்டில் இருக்கிறேன், கோடைக்குக் கோடை மாணவர்கள் வருகிறார்கள். முக்கால்வாசிப் பேர் பழைய பதிவேட்டை எக்செல்லில் ஏற்றிவிட்டு, கடைசி நாள் ஒரு பவர்பாயின்ட் காட்டிவிட்டுப் போகிறார்கள். சான்றிதழில் எல்லாருக்கும் ஒரே வாசகம்தான்.

நல்ல வேலை எப்படி இருக்கும் என்பதற்கு ஒன்று சொல்கிறேன். ஷாஃப்ட் விட்டம் அளக்கும் ஒரு டயல் கேஜ். ஸ்க்ராப், அதாவது கழித்துத் தள்ளும் பாகம், ஏறுகிறது என்று எல்லாரும் கிரைண்டிங் லைனைத் திட்டிக்கொண்டிருந்தார்கள். பயிற்சிக்கு வந்திருந்த ஒரு மாணவியிடம், அளக்கும் முறையையே சோதிக்கிற கேஜ் ஆர் அண்ட் ஆர் செய்யச் சொன்னோம். பத்து ஷாஃப்ட், மூன்று ஆபரேட்டர், ஆளுக்கு மூன்று தடவை, ஆக 90 அளவுகள். எது எந்த ஷாஃப்ட் என்று அளக்கிறவருக்குத் தெரியக்கூடாது, ஒவ்வொரு சுற்றிலும் வரிசையைக் கலைத்துக் கொடுக்க வேண்டும். அளக்கும் முறையால் வருகிற மாறுபாடு 10 சதவீதத்துக்குள் என்றால் கவலை இல்லை. 30ஐத் தாண்டினால் அந்தக் கேஜ் சொல்வதை நம்பி எதையும் தள்ளவும் கூடாது, ஏற்கவும் கூடாது. அந்தப் பெண்ணுக்கு 30க்கு மேல் வந்தது. பக்கத்தில் நின்று பார்த்தபோது, ஒருவர் ஷாஃப்ட்டை வி பிளாக்கில் கட்டைவிரலால் அழுத்திப் பிடித்து அளக்கிறார், மற்ற இருவரும் சும்மா வைத்து அளக்கிறார்கள். நல்ல பாகமெல்லாம் ஸ்க்ராப் தொட்டிக்குப் போய்க்கொண்டிருந்தது. கை படாமல் அழுத்துவதற்கு ஒரு ஸ்பிரிங் கிளாம்ப் வைத்ததோடு தீர்ந்தது.

எந்த நேர்காணலில் உட்கார வைத்தாலும் அந்தப் பெண் இதைப் பற்றி அரைமணி நேரம் பேசுவாள். இரண்டு இடத்திலும் கேளுங்கள்: என்ன பிரச்சினை, எந்த மெஷின், யாருக்குக் கீழே? "வந்தபிறகு பார்த்துக்கொள்ளலாம்" என்று பதில் வந்தால் அங்கே எக்செல்தான்.

ஓவர்டைம்:
ஸ்க்ராப்பில் மிச்சம் பிடித்துக் கொடுத்த அந்த மாணவிக்கு எவ்வளவு கொடுத்தீர்கள்?

மைக்ரோமீட்டர்:
வழக்கமான ஸ்டைபெண்ட்தான். போதாது, ஒப்புக்கொள்கிறேன்.

ஓவர்டைம்:
அதுதானே. கற்றுக்கொள்கிறார்கள் என்று சொல்லியே காலத்தை ஓட்டுகிறார்கள். பிரான்சில் ஒரு பயிற்சி இரண்டு மாதத்தைத் தாண்டினால் பணம் கொடுத்தே ஆகவேண்டும் என்று சட்டமே இருக்கிறது. பல நாடுகளில் இது நிறுவனத்தின் இரக்கத்தைப் பொறுத்த சமாச்சாரம்.

அப்புறம் உதவித்தொகை என்றாலே பாண்ட் என்று யார் சொன்னது? தொழில்முறைச் சங்கங்கள் தருகின்றன. வட அமெரிக்காவில் எஸ்.எம்.இ. என்கிற உற்பத்திப் பொறியாளர் சங்கத்துக்கு 1979லிருந்து தனியாக ஒரு கல்வி அறக்கட்டளை இருக்கிறது. உற்பத்தித் துறையில் படிக்கிறவர்களுக்கு உதவித்தொகை தருவது அதன் முக்கிய வேலை. அந்தந்த நாட்டில் இப்படி என்ன இருக்கிறது என்று தேடாமல் முதலில் வந்த கம்பெனியிடம் கையை நீட்டுவானேன்?

கரிவார்ப்பு:
தேடட்டும், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் சங்க உதவித்தொகைக்குக் கட்டுரை எழுத வேண்டும், பேராசிரியரிடம் பரிந்துரைக் கடிதம் வாங்க வேண்டும், ஊரில் உள்ள நல்ல மாணவர்கள் எல்லாரோடும் போட்டி போட வேண்டும். கிடைத்தாலும் பல நேரம் கட்டணத்தில் ஒரு பகுதிக்குத்தான் காணும். அதை நம்பி கையில் இருப்பதை விடச் சொல்கிறீர்களா?

நிறுவனத்தின் பக்கமும் கொஞ்சம் பாருங்கள். ஒரு மாணவனை ப்ரெஸ் ஷாப்புக்குள் விடுவது லேசான காரியமா? வேலை பார்க்கும்போது மெஷின் ஓடாதபடி பூட்டி அட்டை மாட்டுகிற லாக்அவுட் டேக்அவுட் சொல்லித்தர வேண்டும், யாராவது ஒரு டை செட்டர் தன் வேலையைக் கெடுத்துக்கொண்டு கூடவே நிற்க வேண்டும். முதல் கோடையில் அவனால் கம்பெனிக்கு வரவைவிடச் செலவுதான் அதிகம். அதைப் பின்னால் எடுத்துக்கொள்ள நினைப்பது எப்படித் தப்பாகும்?

இன்னொன்று. ப்ரெஸ் ஷாப் என்றால் அநேகமாக சேஞ்ச்ஓவர் நேரத்தை, அதாவது ஒரு டையைக் கழற்றி அடுத்ததை மாட்டுகிற நேரத்தை, குறைக்கிற வேலைதான் தருவார்கள். ஜப்பானியப் பொறியாளர் ஷிகியோ ஷிங்கோ 1969ல் டொயோட்டாவில் 1000 டன் ப்ரெஸ் ஒன்றில் செய்தது இதைத்தான். நான்கு மணி நேரம் ஆன டை மாற்றத்தை முதலில் ஒன்றரை மணிக்குக் கொண்டுவந்தார், பிறகு மூன்றே நிமிடத்துக்கு. மெஷின் நின்றபிறகுதான் செய்ய முடிகிற வேலை எது, ஓடும்போதே முடித்து வைக்கக்கூடியது எது என்று பிரிப்பதுதான் அதன் உயிர். ஷாப்பில் வாரத்துக்கு இரண்டு தடவை டை மாறுகிறது என்று வையுங்கள். எட்டு வாரத்தில் பதினாறு. பாதுகாப்புப் பயிற்சி, அறிமுகம் என்று போனது போக, இரவு ஷிப்டில் மாறியது போக, கண்ணால் பார்க்கப்போவது ஏழோ எட்டோ. வீடியோ எடுத்துப் பிரித்து எழுதுவதற்குள் கோடை முடிந்துவிடும். மாற்றிப் பார்ப்பது அடுத்த கோடையில்தான் நடக்கும். எனவேதான் சொல்கிறேன், இரண்டு கோடை ஒரே இடத்தில்.

மைக்ரோமீட்டர்:
இது நியாயமான பேச்சு. ஒரு கோடையில் முடிகிற அளவுக்குப் பிரச்சினையை நறுக்கிக் கொடுக்கத் தெரிந்த பொறியாளர் ஆலைகளில் குறைவு. ஆனால் டூல் ரூமை அப்படித் தள்ளிவிடாதீர்கள். அங்கே ஒரு ஃபிக்ஸர் வரைபடத்திலிருந்து வயர் கட் (மின்பொறிக் கம்பியால் வெட்டுவது), கிரைண்டிங், ட்ரையல் வரை ஒரே கூரைக்குள் சில வாரத்தில் முடிந்துவிடும். நீங்கள் வரைபடத்தில் கொடுத்த டாலரன்ஸ் (அளவு எவ்வளவு முன்பின் இருக்கலாம் என்பது) எவ்வளவு முட்டாள்தனமானது என்று அங்கே இருக்கிற பெரியவர் முகத்துக்கு நேராகவே சொல்லிவிடுவார். பெரிய ஆலையில் அந்தப் பாடம் மின்னஞ்சலில் சுற்றிச் சுற்றி வந்து சேரும்.

எட்டாவது பக்கம்:
பயிற்சி நன்றாக இருக்கும் என்பதை நான் மறுக்கவே இல்லை. ஒப்பந்தத்தின் வாசகம் இன்னும் யாருக்கும் தெரியாது, அதற்குள் "பெரிய விஷயமே இல்லை" என்கிறாரே, அதைத்தான் மறுக்கிறேன். தம்பி, நீங்கள் வேலை பார்க்கக் கடமைப்பட்டவர், சரி. நிறுவனம் வேலை தரக் கடமைப்பட்டதா? நீங்கள் படித்து முடிக்கிற வருடம் ஆர்டர் படுத்துவிட்டது, ஆள் எடுக்கவில்லை என்றால் பணத்தைத் திருப்பிக் கேட்பார்களா? ஒன்றரை வருடம் வேலை பார்த்துவிட்டு விட்டாலும் முழுத்தொகையா, அல்லது பாக்கி மாதங்களுக்கு மட்டுமா? அவர்களே வெளியே அனுப்பினால்? ஆலையை வேறு ஒருவர் வாங்கிவிட்டால் பாண்டும் கைமாறுமா? உடல்நிலை காரணமாக நின்றால்? வேறு ஊர் ஆலைக்கு மாற்றினால் போய்த்தான் ஆகவேண்டுமா? ஆரம்பச் சம்பளம் எழுதியிருக்கிறதா, அல்லது "நிறுவன விதிகளின்படி" என்று விட்டிருக்கிறார்களா? கடைசியாகச் சொன்னதுதான் ரொம்ப விஷம். விட்டுப் போக முடியாதவருக்கு ஊதிய உயர்வு எதற்குத் தர வேண்டும் என்று நினைக்கிற மேலாளர்கள் இருக்கிறார்கள்.

அசல் சான்றிதழை வாங்கி வைத்துக்கொள்வோம் என்று ஒரு வரி இருந்தால் மேற்கொண்டு படிக்கவே வேண்டாம், எழுந்து வந்துவிடுங்கள்.

ஆள் எடுக்கும் அறை:
மனிதவளப் பிரிவில் வேலை பார்க்கிறேன், வேறு நிறுவனம். இரண்டு தரப்பும் நினைப்பதைவிட விஷயம் சாதாரணமானது. மென்பொருள் பக்கம் போய்விடுகிற இயந்திரவியல் மாணவர்களை முன்கூட்டியே பிடித்து வைக்கத்தான் இந்தத் திட்டம். பணத்தைத் திருப்பி வாங்குவதில் எங்களுக்கு ஆசை கிடையாது, அது வசூல் தலைவலி. ஆனால் ஒப்பந்தத்தை எழுதுகிறவர் சட்டப் பிரிவுக்காரர். எல்லாவற்றையும் கம்பெனி பக்கமாகவே எழுதுவார். கேட்டால் சில வரிகள் மாறும். கேட்கிறவர்கள்தான் குறைவு, மாணவர்கள் பயப்படுகிறார்கள். மாத விகிதக் குறைப்பு கேட்டால் கிடைத்துவிடும். வேலை உத்தரவாதத்தை எழுத்தில் தருவதற்கு மட்டும் எங்கள் ஆட்கள் லேசில் ஒத்துக்கொள்ள மாட்டார்கள்.

டூல் ரூமை எடுக்கிறவர் அடுத்த கோடைக்கு இப்போதே நாள்காட்டியில் குறித்து வைக்கட்டும். பெரிய நிறுவனங்கள் பலவற்றில் முந்தின வருடக் கடைசியிலேயே இடம் நிரம்பிவிடும். பரீட்சை முடிந்தபிறகு தேட ஆரம்பித்தால் மிச்சம் மீதிதான்.

எட்டாவது பக்கம்:
> வேலை உத்தரவாதத்தை எழுத்தில் தருவதற்கு மட்டும்

நன்றி. இதைவிடத் தெளிவாக நானே சொல்லியிருக்க முடியாது.

புதுத்திருகு:
எல்லாருக்கும் நன்றி. நேற்று நிறுவனத்திடம் பேசினேன். ஒப்பந்தத்தில் இருந்த வரி இதுதான்: "நிறுவனம் பணி வழங்கும் பட்சத்தில் மாணவர் அதை ஏற்றுச் சேர வேண்டும்." பணி வழங்காவிட்டால் என்ன என்று எங்கேயும் இல்லை. எழுத்தில் கேட்டேன். பட்டம் வந்து தொண்ணூறு நாளுக்குள் வேலை தராவிட்டால் பாண்ட் தானாகவே ரத்து, தொகை திருப்பித்தர வேண்டாம் என்று சேர்ப்பதற்குச் சம்மதித்தார்கள். மாத விகிதக் குறைப்பும் சரி என்றார்கள். சம்பளம் மட்டும் "நிறுவன விதிகளின்படி" என்றே நிற்கிறது. பயிற்சியில் வேலை என்னவென்று கேட்டதற்கு, சேஞ்ச்ஓவர்தான், 400 டன் ப்ரெஸ் என்றார்கள். கரிவார்ப்பு ஐயாவுக்கு ஜோசியம் தெரியும் போல.

கரிவார்ப்பு:
இவ்வளவு இறங்கி வந்திருக்கிறார்களே, இன்னும் என்ன? கையெழுத்தைப் போடுங்கள்.

எட்டாவது பக்கம்:
தொண்ணூறு நாள் வரி நல்ல வெற்றி, மனசாரச் சொல்கிறேன். ஆனால் சம்பளம் இல்லாத ஒப்பந்தத்தில் அந்த வரியைச் சும்மா ஒப்புக்குக் காப்பாற்றிவிடலாம். அடிமட்டச் சம்பளத்தில் ஒரு வேலையைக் காட்டி, "தந்துவிட்டோமே, நீங்கள்தான் வரவில்லை" என்றால் என்ன செய்வீர்கள்? அதே வருடம் அதே பதவிக்கு வெளியிலிருந்து எடுக்கிறவருக்கு என்ன தருகிறார்களோ அதற்குக் குறையாமல் என்று ஒரே ஒரு வாக்கியம் கேளுங்கள். மறுத்தால் நான் டூல் ரூம் பக்கம்தான்.

ஆள் எடுக்கும் அறை:
அந்த வாக்கியம் கேட்கலாம். தொகையைக் குறிப்பிடாததால் சட்டப் பிரிவு ஒத்துக்கொள்ள வாய்ப்பு இருக்கிறது.

மைக்ரோமீட்டர்:
அதோடு அந்த 400 டன் ப்ரெஸ்ஸில் டை எந்த ஷிப்டில் மாறுகிறது என்றும் கேட்டுவிடுங்கள். இரவில் மாறுகிறது, உங்களைப் பகலில்தான் வரச்சொல்வார்கள் என்றால் எட்டு வாரமும் டையைப் பார்க்காமலே சேஞ்ச்ஓவர் ரிப்போர்ட் எழுத வேண்டிவரும்.

புதுத்திருகு:
இரண்டையும் ஒரே மின்னஞ்சலில் அனுப்பிவிட்டேன். டூல் ரூமிடம் வெள்ளிக்கிழமை வரை நேரம் கேட்டிருக்கிறேன். அந்தப் பெரியவர், "வந்தால் வா, வராவிட்டால் சொல்லிவிட்டுப் போ" என்றார்.